வரி விளம்பரப் பக்கம்

லென்ஸைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கம் ஒன்று போதும். வீடு வாடகைக்கு, ஆள் தேவை என்று பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருப்பார்களே, அந்தப் பக்கம். அதைச் சுவரில் நேராக ஒட்டி, கேமராவை முக்காலியில் பூட்டி, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டுப் படம் எடுக்க வேண்டும். பிறகு கணினியில் பெரிதாக்கி மூலைகளைப் படிக்க வேண்டும். மூலையில் இருக்கிற தொலைபேசி எண் தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் தேறியது. கேமரா பழுது பார்க்கும் கடையில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை.

என் தங்கையின் கணவரும் படம் எடுக்கிறவர். விளையாட்டுப் போட்டிகளை எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார். அவர் படங்களில் பாதி கலங்கலாக இருக்கும். ஓடுகிறவனின் கால் எது, புழுதி எது என்று தெரியாது. ஆனாலும் கேட்டு வாங்கிப் போட்டார்கள். தங்கை வீட்டுக் கூடம் முழுக்க அவர் எடுத்த படங்கள்தான். நான் எடுத்தது ஒன்று இருந்தது. குழந்தை பிறந்த பிறகு அதுவும் கழன்றது. ஏன் என்று கேட்டேன்.

"கோச்சுக்காதண்ணா. நீ எடுத்தா என் மூக்குல இருக்குற பரு வரைக்கும் தெரியுது. அவர் எடுத்தா நான் தெரியுறேன்."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சின்ன வயதில் செருப்பு அறுந்தால்கூட என்னிடம் ஓடி வந்தவள் அவள். இருந்தாலும் எனக்கென்று ஒன்று மிச்சமிருந்தது. மாப்பிள்ளை படத்தில் கூர்மை கிடையாது. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் அதைச் சொல்லுவேன். அவரும் தலையை ஆட்டி ஒத்துக்கொள்வார். அந்த ஒரு குறையை வைத்துத்தான் நான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, புது லென்ஸோடு கடைக்கு வந்தார். எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை இழுக்கிற ஜூம். வெளிச்சம் குறைந்த மைதானத்திலும் ஓடுகிறவனை அப்படியே பிடித்து நிறுத்தும்.

"மச்சான், நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. சரியில்லன்னா திருப்பிக் குடுத்துடறேன்."

எழுபதில் பார்த்தேன். நூற்று முப்பத்தைந்தில் பார்த்தேன். இருநூறில் இரண்டு முறை பார்த்தேன். நான்கு மூலையிலும் எண்கள் பளிச்சென்று இருந்தன. இப்படி ஒரு லென்ஸ் என் கைக்கு வந்ததே இல்லை. இனி அவர் படத்தில் தங்கையும் தெரிவாள், பருவும் தெரியும். நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

"இடது ஓரம் கொஞ்சம் சொதப்புது மாப்ள. மாத்திடுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சும்மா வெளையாடாதீங்க மச்சான். இது பிரமாதமான லென்ஸுன்னு உங்க மூஞ்சியே சொல்லுதே."

தூரத்தில் வைத்தும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். முக்காலியைத் தூக்கிக்கொண்டு முதலில் நான் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறினேன். நான்கு மாடிக் கட்டடம் அது. எதிர்க்கோடியில், குளிர்சாதன இயந்திரத்தை மேலே ஏற்றுவதற்காகக் கைப்பிடிச் சுவரை இரண்டு கதவு அகலத்துக்கு இடித்திருந்தார்கள். குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பின்னணியில் கயிறு விழுந்தால் படம் கெட்டுவிடும்.

அவர் மேலே வந்ததும் வரி விளம்பரத் தாளைக் கையில் கொடுத்து, என்னைப் பார்த்து நிற்க வைத்தேன். மட்டம் பார்த்துப் பூட்டிய முக்காலியை நகர்த்தக் கூடாது. தாள்தான் நகர வேண்டும். தாளைப் பிடிக்கிறவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது, தாள் கோணிவிடும். இது எங்கள் கடை வழக்கம். எத்தனை அடி, எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவன் சொல்லுவான். அவர் தாளை நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"போதுமா மச்சான்?"

"இன்னும் கொஞ்சம் வாங்க மாப்ள."

மறுபடியும் நின்றார். இருநூறில் அவருடைய இமை மயிரை எண்ணிவிடலாம்போல் இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் தரை மிச்சமிருந்தது. தாளைக் கொஞ்சம் இறக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப போதுமா?"

பொத்தானை அழுத்தினேன். பிறகு, "இன்னும் ஓரடி" என்றேன்.

வாய்தவறி வந்த வார்த்தையா என்று கேட்டீர்கள். இல்லை. சோதனை கீழேயே முடிந்துவிட்டது. மாடியில் வைத்துப் பார்ப்பதற்கு அந்த லென்ஸில் எதுவும் பாக்கியில்லை. கயிற்றை அவிழ்க்கும்போதே அது எனக்குத் தெரியும்.

கேமரா உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. அதில் கடைசிப் படத்தைப் பாருங்கள். துளி அசைவு கிடையாது, ஆனாலும் ஆள் உயிரோடு தெரிகிறார். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். ஒரு பிரதி போட்டு என் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது என் பெயரைச் சொன்னாலே அவள் கத்துவதாகச் சொன்னீர்கள். இருக்கட்டும். கொஞ்ச நாள் போனால் அவளே அதைக் கூடத்தில் மாட்டுவாள்.