முள் இறங்கிய பிறகு திறந்த மூடி

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. ரேடியேட்டர்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வயது நாற்பத்தேழு. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறச் சந்தில் மூன்றாவது கதவு என் பட்டறை. அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன். கார் இன்ஜின் சூடாகும் கோளாறுகளை மட்டும் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். இந்தப் புகாரில் உள்ள வெள்ளைக் காரைச் சம்பவத்தன்று ஓட்டிய டிரைவர் என் தங்கையின் கணவர்.

அந்த வெள்ளைக் கார் சென்ற மாதம் முதல் முறை வந்தபோது ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தேன். அதன் பிறகு பத்து நாளில் மறுபடியும் சூடாகிறது என்று வந்ததால் இன்ஜினுக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை மூன்றாவது முறையாக வந்தபோது தண்ணீர் இரண்டு லிட்டர் குறைந்திருந்தது. எங்கோ கசிகிறது என்று தெரிந்தது. காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டிருக்கும். அன்று அது ஏழாவது வண்டி, இடுப்பு விட்டுப்போயிருந்தது, தண்ணீரை நிரப்பி அனுப்பிவிட்டேன். "கார் உங்களைப் பார்க்காம இருக்க மாட்டேங்குது மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவர் போன் செய்தார். கார் முதலாளி பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவது எனக்குக் கேட்டது. "சூடு காட்டுற முள்ளு உச்சிக்குப் போச்சு, ஓரங்கட்டினேன், இப்ப தானா கீழ இறங்கிருச்சு மச்சான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கட்டுமா?" என்றார். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். இறங்கிவிட்டதென்றால் திறங்கள் என்றேன். அவர் இன்னொரு தடவையும் கேட்டார். "திறங்க மாப்ள, உயிரை வாங்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

முள் அப்படிச் சட்டென்று இறங்கினால் இன்ஜின் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர் மட்டம் குறைந்தால் அது காற்றில் வெறுமனே நிற்கும், முள் பொய் சொல்லும். வண்டி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறவன் நான். அன்று எனக்கே ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு நான் சொல்லித் திறந்தார். கொதிநீர் பீறிட்டு மாப்பிள்ளையின் முகமும் முதலாளியின் வலது கையும் வெந்தன. இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டர் குழாயில் விரல்நீள வெடிப்பு இருந்ததைப் பிற்பாடு பார்த்தேன். டிரைவர் கவனக்குறைவாகத் திறந்தார் என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். லைசென்ஸ் போனால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. மாப்பிள்ளையோ, யாரும் சொல்லாமல் தானே திறந்ததாக ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுக்குள்ளிருந்து, "நீங்க வாயைத் திறக்காதீங்க மச்சான், பட்டறை ஓடணும்" என்றார். மூன்று நாள் அப்படியே இருந்தேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே உள்ள என் வாக்குமூலத்தை ஸ்டேஷன் எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். ஓரிடத்தில் "டிரைவர் தானாகத் திறந்தார்" என்றிருந்ததை அடித்து, "நான் சொல்லித் திறந்தார்" என்று என் கையால் எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். வேறு அடித்தல் திருத்தம் இல்லை. சொன்னதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)