யெத்தெரின் வெள்ளைச் செருப்பு

இந்தச் செருப்புல கழண்ட ஹீல்ஸை மட்டும் ஒட்டி ஆணி அடிங்கண்ணே. அடிப்பக்கம் பசை படவே கூடாது, அங்க பேரெல்லாம் எழுதியிருக்கு. ஆமா, கல்யாணம் எனக்குத்தான். பொண்ணோட அம்மான்னு நினைச்சீங்களாக்கும்! நாப்பத்தேழு வயசுல வெள்ளைக் கவுன் போட்டா அப்படித்தான் தோணும், விடுங்க.

மூணு மணிக்கு நகராட்சி மண்டபத்துல நிக்கணும். இப்ப ரெண்டு நாப்பது. ஒரு ஜோடிக்கு அரை மணி நேரந்தான். பிந்தினா அடுத்த ஜோடியை உள்ள விட்டுருவாங்க. வெறுங்காலோட ஓடலாம்னா, சம்மதம்னு சொன்ன கையோட மாப்பிள்ளை காலை நான் மிதிக்கணுமே! அவர் முந்திக்கிட்டா வீட்டுல அவர் வச்சதுதான் சட்டம். நஸ்மி முப்பது வருஷமா ரொட்டி அடுப்பு முன்னால நின்ன மனுஷன். அந்தக் காலுக்கு உறைக்கணும்னா ஹீல்ஸ் இல்லாம ஆகுமா? சிரிக்காம அடிங்கண்ணே, ஆணி கோணுது.

பேரா? யெத்தெர். பாத்தீங்களா, எத்தனாவது பொண்ணுன்னு கேட்டுட்டீங்க! இந்த சிவாஸ் ஊர்ல என் பேரைக் கேட்டா அடுத்த கேள்வி அதான். அஞ்சாவது. நாலாவது அக்காவுக்கு தோந்து, 'திரும்பிருச்சு'ன்னு பேரு. இனிமேலாவது ஆம்பிளைப் பக்கம் திரும்பட்டும்னு வச்சது. திரும்பலை, நான் வந்தேன். பொண்ணு போதும் அல்லாவேன்னு மனு எழுதுற மாதிரி அப்பா எனக்கு யெத்தெர், 'போதும்'னே பேரை வச்சாரு. மனு பாஸாயிருச்சு! மறு வருஷமே தம்பி புன்யாமின். அவனுக்கு ஆடு வெட்டினாங்க. பேரு என்னுது, கறி அவனுக்கு.

டீ வேணாம்ணே, நேரமில்ல. சரி, ஊத்துங்க. ரெண்டு கட்டி சர்க்கரை.

இந்தப் பேருங்களா? உங்களுக்கு மூணும் பசங்களா, அதான் தெரியலை. கல்யாணப் பொண்ணு செருப்புக்கு அடியில, இன்னும் கட்டிக்காதவங்க பேரை எழுதணும். அவ ஆடி முடிச்சதும் திருப்பிப் பாத்தா எது தேஞ்சிருக்கோ, அவளுக்குத்தான் அடுத்த கல்யாணம். ஓரத்துல இருக்கிற மூணும் தோந்து அக்கா பொண்ணுங்க. முன்னால பெருசா இருக்கிறதா? அதை அப்புறம் சொல்றேன்.

என் பேரு எத்தனை செருப்புல ஏறியிருக்கு தெரியுமா? நாலு அக்கா, அவங்க பொண்ணுங்கள்ல கல்யாணமானவளுக ஒம்போது. ஆகப் பதிமூணு. மணிக்கணக்கா ஆடுவாளுக. மத்த பேரெல்லாம் அழிஞ்சு போயிருக்கும், எம்பேரு மட்டும் அச்சடிச்ச மாதிரி நிக்கும். என் ராசி அவ்வளவுதான்னு விட்டுட்டேன். அப்பா இருந்த வரைக்கும் அவருக்கு சூப்பு, அம்மாவுக்கு மாத்திரை, அப்படியே ஓடிருச்சு. நஸ்மிதான் தினம் ரெண்டு ரொட்டி கேட்டா மூணு சுத்திக் கொடுப்பாரு. மூணாவதுக்குக் காசு வாங்க மாட்டாரு. ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது.

நேத்து மருதாணி வைக்கிறப்ப பெரியக்கா ஹனிஃபே பொலபொலன்னு அழுதா. சந்தோஷத்துல அழுறாளாக்கும்னு பாத்தா, காதுக்குள்ள சொல்றா, எம்பேரை எல்லாச் செருப்புலயும் அந்த நடுக் குழிவுலதான் எழுதுவாங்களாம். தோ, நீங்க விரலை வச்சிருக்கீங்களே, தரையே படாத இடம், அங்க. அம்மாதான் சொல்லிச்சாம். இவளும் போயிட்டா எங்களை யாரு பாக்குறதுன்னு.

கோவமா? வந்துச்சு. மிச்ச மருதாணியைத் தூக்கிட்டுப் போய் அம்மா தலையில அப்பி, ரெண்டு மணி நேரம் அசையாம உக்கார வச்சேன். அதுக்கு மேல கோவப்படத் தெரியலைண்ணே. அம்மாவும் தலையைக் குனிஞ்சு வாகாக் காட்டுச்சு. இப்ப செக்கச்செவேல்னு முடியோட மண்டபத்துல முன்வரிசையில உக்காந்திருக்கு.

முடிஞ்சுதா? கொடுங்க, கொடுங்க. ரெண்டு அம்பத்தொண்ணு. ஓடினா சேந்துருவேன்.

ஆமா, முன்னால இருக்கிற பேரு. மக்புலே. அம்மாதான். எழுபத்தாறு வயசு. நாந்தான் எழுதினேன், கட்டைவிரலுக்கு நேர் கீழ, நல்லாத் தேயிற இடமாப் பாத்து. இனிமே அதுக்கும் ஒரு துணை வேணும்ல.

என்னது, இங்க நடந்து வந்ததுலயே அந்தப் பேர்ல பாதியைக் காணோமா? ஐயோ அண்ணே, நான் இன்னும் ஆடவே ஆரம்பிக்கலையே!