இரண்டாவது தூண்டில்

மைசூரில் மீன்பிடி உரிமம் கொடுக்கும் அலுவலக வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு சீட்டுகளோடு கவுண்டரிலிருந்து திரும்பினார். நர்ஸ் உடுப்பில் ஓரமாகக் காத்திருந்த மனைவி அவற்றை வாங்கிப் படித்தார்.

“ரெண்டுலயும் உங்க பேருதான இருக்கு? உங்களுக்கு எத்தன கை?”

“லைசென்ஸ் எனக்கு. ரெண்டாவது தூண்டில் பர்மிட் உனக்கு.”

“ரெண்டு தூண்டிலும் ஒரே ஆள் போடறதுக்குத்தாங்க அந்தப் பர்மிட். எனக்குத் தனி லைசென்ஸ் வேணும். நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு லீவு!”

“ஸ்வல்ப பொறு. நான் போடறேன், நீ பக்கத்துல உக்காந்து பாரு.”

“சரி. ஆனா இந்தத் தடவ புழுவ நீங்கதான் கையால தொட்டுக் கோக்கணும்.”

கவுண்டர் மூடப் பத்து நிமிடம்தான் இருந்தது. அவர் மனைவிக்கும் ஒரு லைசென்ஸ் வாங்க ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றார்.