டென்வரின் காலடியில் நின்ற நரி

கென்டக்கி மாநிலம், டாரல் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், வியாழக்கிழமை முற்பகல், துணை ஷெரிஃப் கெண்டல் ஆம்பர்கி முன்பாக ஒலீட்டா கேஹார்ட் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ஒலீட்டா கேஹார்ட். வயது அறுபத்தொன்று. காலஞ்சென்ற ஆர்வில் கேஹார்ட் என்பவரின் மனைவி. பக்லிக் ஓடைச் சாலை முடியும் இடத்தில் உள்ள வெள்ளைப் பலகை வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். கவுண்டிப் பள்ளிகளுக்குப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றேன். எழுதப் படிக்கத் தெரியும். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இருந்ததில்லை. பேருந்து ஓட்டிய காலம் முழுவதும் ஒரு பிள்ளைக்கும் கீறல் பட்டதில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். துணை ஷெரிஃப் ஆம்பர்கியும் என் பேருந்தில் வந்தவர்தான் என்பதால் மறுப்புச் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

என்னிடமிருந்து கைப்பற்றப்பட்டு இப்போது இந்த மேசை மேல் பையில் இருக்கும் ரிவால்வர் என்னுடையது. ஆர்வில் இறந்த பின்பு அவருடைய வேட்டைத் துப்பாக்கிகளை மகனிடம் கொடுத்துவிட்டேன். அதன் பின்பு எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியதால் ஊரில் உள்ள சாமான் கடைக்குச் சென்று, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தவற்றில் மிகவும் மலிவான இதை எடுத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர், "வீட்டுப் பாதுகாப்புக்கா?" என்று கேட்டார். "இல்ல, தகர டப்பா சுட," என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மேற்படி ரிவால்வரில் இருபத்திரண்டு ரகச் சிறு தோட்டா ஆறு போடலாம். பக்கத்து மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். ஒவ்வொரு முறையும், தோட்டாவைத் தட்டும் பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே சுடும். பிடி மரம்போல இருக்கும், ஆனால் மரமல்ல. முன்பக்கக் குறிமுள் வெயிலில் கண்ணுக்குத் தெரியாததால் என் பேத்தியின் ஆரஞ்சு நகப்பூச்சை வாங்கி அதன் முனையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன். டப்பா வைக்கும் தூரத்தில் இது மூன்று விரல் இடப்பக்கம் தள்ளிச் சுடும். விலை உயர்ந்தவற்றில் உள்ளதுபோல் குறியைத் திருகிச் சரிசெய்ய இதில் வசதி கிடையாது. அதனால் நான் மூன்று விரல் வலப்பக்கம் தள்ளிப் பிடித்துச் சுடுவேன். வாங்கிய நாள் முதல் ஒரே மாதிரிதான் தள்ளுகிறது. எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்த பின்பு என் தங்கை ஃபெர்னும் அவள் கணவர் டென்வர் சைஸ்மோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பிட்ட பின்பு வீட்டுக்குப் பின்னால், ஆர்வில் மண் வெட்டிக் குவித்த களிமண் மேட்டுக்கு முன்னால் பலகையில் டப்பாக்களை அடுக்கிச் சுடுவோம். மேற்படி டென்வரிடம் பெரிய ரகக் கைத்துப்பாக்கி ஒன்று உள்ளது. அதற்குத் தனிப் பெட்டியும் பெட்டிக்குப் பூட்டும் உண்டு. அவர் என் ரிவால்வரைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பொம்மைல சுட்டா டப்பாவுக்குக் கோவம் வரும் ஒலீட்டா, சாவாது," என்று சொல்வது வழக்கம். அவர் சுட்டால் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். டப்பா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் சுட்டால் விழும். இதற்கு ஃபெர்ன் சாட்சி.

என் இடத்தில் சுடுவதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். யாராவது டப்பா அடுக்க முன்னே போனால், எல்லாத் துப்பாக்கியும் காலி செய்யப்பட்டு, திறந்த நிலையில் பலகை மேசையில் இருக்க வேண்டும், ஒருவரும் கையில் வைத்திருக்கக் கூடாது. "இதென்ன பட்டாளமா?" என்று டென்வர் முணுமுணுப்பார். ஆனாலும் செய்வார்.

சம்பவ நாளான கடந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்ட பின்பு இரண்டு சுற்றுச் சுட்டோம். அதன் பின்பு எல்லாவற்றையும் காலி செய்து மேசையில் வைத்துவிட்டு, டென்வர் டப்பா அடுக்குவதற்காக மேட்டருகே நடந்து போனார். அப்போது ஓடைக்கரைப் புதரிலிருந்து ஒரு சாம்பல் நரி பட்டப்பகலில் வெளியே வந்தது. ஃபெர்ன் முதலில் அதை நாய் என்று நினைத்து விசில் அடித்தாள். அது குடித்தவன்போல் பின்னங்கால் பின்ன நடந்து, மனிதரைக் கண்டும் ஓடாமல், நேராக டென்வரிடம் போய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது.

டென்வர் அலறிக்கொண்டு காலை உதறினார். நரி தெறித்து விழுந்தது, பின்பு எழுந்து, ஓடாமல், நான் நின்ற பக்கமிருந்து பார்த்தால் அவருக்கு இடப்புறமாகச் சுற்றிவந்து, அவருடைய பூட்ஸைப் பார்த்தபடி நின்றது. அதன் வாயில் நுரை இருந்தது. டென்வர் தடி ஒன்றை எடுக்கக் குனிந்தார். அவர் முகம் நரியின் முகத்துக்கு நேராக இறங்குவதை நான் பார்த்தேன். உடனே, பேருந்து ஓடும்போது பிள்ளைகள் எழுந்து நின்றால் எந்தக் குரலில் சொல்வேனோ அந்தக் குரலில், "டென்வர் சைஸ்மோர், குனியாத! அப்படியே நில்லு. ரெண்டு கையும் தலைமேல!" என்று சொன்னேன்.

என் தங்கையைக் கட்டிய நாள் முதல் அவர் நான் சொன்ன எதையும் ஒரு தடவையில் கேட்டவரல்ல. அன்றைக்குக் கேட்டார். நிமிர்ந்து, கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் வாயை மட்டும் அடக்கவில்லை. "என்னுதை எடு! அந்தப் பொம்மைய விடு!" என்றார். அவருடையதை நான் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. அது எங்கே தள்ளும் என்று எனக்குத் தெரியாது. நான் என்னுடையதை எடுத்து, பக்கத்து மூடியைத் திறந்து இரண்டு தோட்டா போட்டேன். போடும்போது ஒரு தோட்டா கீழே விழுந்தது, இன்னொன்று எடுத்தேன்.

டென்வர், "தலைலயே போடு!" என்று கத்தினார். நான் தலையில் சுடக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ரேபீஸ் என்னும் வெறிநோய் உண்டா என்று பார்ப்பதற்கு மூளைதான் வேண்டும், ஆகையால் தலையைச் சிதைக்காதீர்கள் என்று சுகாதாரத்துறையார் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பார்கள். எனவே நெஞ்சில், முன்னங்காலுக்குப் பின்னால் சுடுவது என்று இருந்தேன். அதற்கு நான் ஆரஞ்சுப் பொட்டை அங்கே வைக்கக் கூடாது. மூன்று விரல் வலப்பக்கம், அதாவது நரியின் கழுத்தில், டென்வரின் பூட்ஸ் இருந்த பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். அப்படியே வைத்தேன். பின்னால் களிமண் மேடு இருந்தது, வேறு ஒருவரும் இல்லை. ஃபெர்ன் என் பின்னால் நின்று ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், டென்வர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுத்தியலை இழுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, ஒரு முறை சுட்டேன். நரி விழுந்தது. முன்னங்காலுக்குப் பின்னால்தான் பட்டிருந்தது. இரண்டாவது தோட்டா தேவைப்படவில்லை. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டென்வர் கண்ணைத் திறக்காமலேயே, "இப்ப கைய எறக்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பின்பு அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்து, கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் குழாய் நீரில் வெகுநேரம் கழுவினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர், "கழுவியாச்சில்ல, போதும்," என்றார்.

"ஊசின்னா பயமா?"

"பயமா? எனக்கு வேலையிருக்கு."

"ஞாயித்துக்கெழமை என்ன வேலை உனக்கு?"

ஃபெர்ன் அழுதாள். டென்வர், "நோய் இருக்குன்னு எவனாவது பாத்துச் சொல்லட்டும், அப்பறம் போறேன். சும்மா ஒரு நரி கடிச்சதுக்கு நான் போயி படுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் மாற்ற மாட்டார் என்பது இந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். எனவே நான் பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு, நரியை இரட்டைப் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, சுகாதாரத்துறைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெரிஃப் அலுவலகக் கார்கள் இரண்டு வந்தன. ஓடைக்கு எதிர்க்கரையில் மரவீடு வாங்கியிருக்கும் லெக்சிங்டன்காரர் பிரெண்டிஸ் விட்லோ என்பவர், தன் வீட்டு முகப்பிலிருந்து பார்த்ததாகவும், ஒருவர் கையைத் தலைமேல் தூக்கி நிற்க, ஒரு பெண் அவரை நோக்கிச் சுட்டதாகவும் தகவல் கொடுத்திருந்தார். புதர் மறைத்ததால் அவருக்கு நரி தெரிந்திருக்காது. அவர் கண்டதை அவர் சொன்னார், எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. ரிவால்வரைத் திறந்து காலியென்று காட்டி நானே ஒப்படைத்தேன். ஆனால் மனிதன் நின்ற திசையில் சுட்டதாக என் மீது வழக்கு வரலாம் என்றும், வந்தால் இனித் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம் என்றும் அன்றே சொன்னார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சோதனை முடிவு வந்தது. நரிக்கு வெறிநோய் இருந்தது உறுதியானது. தலை சேதமில்லாமல் வந்ததால்தான் அத்தனை சீக்கிரம் பார்த்துச் சொல்ல முடிந்தது என்று சுகாதாரத்துறையார் சொன்னார்கள். ஃபெர்ன் அதை டென்வரிடம் சொன்னபோது அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே போய் டிரக்கில் ஓட்டுநர் இருக்கையில் ஏறாமல் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்றும், அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை உட்காரவைத்துத் தான் வண்டி ஓட்டியது அதுவே முதல் தடவை என்றும் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள். மீதி ஊசிகளுக்கும் போவதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். "நீ தலைல சுட்டிருந்தா இந்த மனுசன் ஊசிக்கு அசைஞ்சிருக்கவே மாட்டாரு அக்கா," என்று சொல்லி ஃபெர்ன் மறுபடியும் அழுதாள். நான் அழவில்லை. போனை வைத்த பின்பு பின்பக்கம் போய் அந்தக் களிமண் மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை எழுதிய பின்பு துணை ஷெரிஃப் ஆம்பர்கி பேனாவை வைத்துவிட்டு, "மிஸ் ஒலீட்டா, நான் சொல்றத கேளுங்க. நரிய வெரட்டத்தான் சுட்டேன், அதிர்ஷ்டவசமா பட்டுச்சுன்னு சொன்னீங்கன்னா உங்களுக்கு நல்லது. டென்வர் பூட்ஸ் பக்கமாத்தான் குறி வச்சேன்னு படிச்சா கவுண்டி வக்கீல் என்ன நெனப்பாரு?" என்று என் நன்மைக்காகவே சொன்னார். அவர் அப்படியே ஒரு வரி எழுதியும் காட்டினார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, விரட்டறதுக்குச் சுட்டேன்னு சொன்னா, ஒரு மனுசன் நிக்கற எடத்துல எங்க போகும்னு தெரியாம சுட்டவளாயிடுவேன். நான் அப்படிப்பட்டவ இல்ல. எங்க போகும்னு தெரிஞ்சுதான் சுட்டேன். அங்கதான் போச்சு," என்றேன். அதனால் வழக்கு வந்தாலும் ரிவால்வர் திரும்பி வராவிட்டாலும் நீதிமன்றத்தில் இதையேதான் சொல்வேன். மேற்படி வரி முழுவதையும், 'அதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லோடு சேர்த்து, அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். ஒருவர் சொல்லிக் கொடுத்து வந்தவையல்ல. உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், என் பேச்சு என் பேச்சாகவே இருக்கிறது.

(ஒப்பம்) ஒலீட்டா கேஹார்ட்

வாக்குமூலத்தை எழுதிய துணை ஷெரிஃபின் குறிப்பு: கவுண்டி வழக்கறிஞர் அன்று பிற்பகலே இதைப் படித்து, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்ததால், ரிவால்வர் ஒலீட்டா கேஹார்ட்டிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவரை வீட்டுக்கு அழைத்துப்போகக் காலில் கட்டுடன் வெளியே காத்திருந்த டென்வர் சைஸ்மோர் சாட்சிக் கையொப்பம் இட்டார். இடுமுன் எல்லாப் பக்கங்களையும் படித்து, அந்த வரி அடிக்கப்பட்டிருந்த இடத்தின் ஓரத்தில் கேட்காமலேயே தன் கையால் எழுதியது:

"அதிர்ஷ்டம் இல்லை. பக்கத்தில் நின்றவன் நான். டி. சைஸ்மோர்."