ஒத்திகையில் வராத பதில்

கேக்குக்கு உலர்திராட்சை ஊறப்போடும்போது அவசரப்படக் கூடாது. ரம்மில் ஊற வேண்டும், நாள்பட ஊற வேண்டும். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள் நான். குடிகாரரைக் கட்டிக்கொண்டு, வீட்டில் ரம் பாட்டிலையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தியவள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பாட்டிலை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். அவர் குடியை விட்ட பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரி ஆலோசகர். குடித்துக் கெட்ட கல்லீரலை மாற்ற அவர் தகுதியானவர்தானா என்று பார்க்கும் பரிசோதனைக்குக் குடும்பத்தைத் தயார்செய்வது உங்கள் வேலை. எங்களை நன்றாகவே தயார்செய்தீர்கள். "மருந்து ஒரு வேளைகூடத் தப்பக் கூடாதும்மா. அன்னைக்கு ரத்தம் எடுப்பாங்க. சில வாரம் முன்னாடி குடிச்சிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துடும்" என்றீர்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

கல்லீரலில் பாதிக்கு மேல் அறுத்துத் தருவதாக இருந்தவள் என் மகள். "அப்பாவுக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்? சும்மா இரும்மா" என்று வாயை அடைத்துவிட்டாள். திரும்ப வளர்ந்துவிடும் என்று நீங்களும் சொன்னீர்கள். வளரட்டும். பெற்ற வயிறு பற்றி எரியாதா?

அங்கே கேட்கப்போகும் கேள்விகளை வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் டாக்டர். மாவு சலித்துக்கொண்டே கேட்பேன். அவர் எதிரே உட்கார்ந்து, திராட்சைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பதில் சொல்வார்.

"எப்பலேர்ந்து குடிச்சீங்க?"

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து, டாக்டர்."

"ஏன் விட்டீங்க?"

"சாகப் பயம், டாக்டர்."

சிரித்துவிடுவோம். அடுத்த கேள்வியில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

"உங்க குடியால யாருக்கெல்லாம் பாதிப்பு?"

"என் உடம்புக்கு. என் பொண்ணு படிப்புக்கு."

"வேற யாருக்கும் இல்லையா?"

அவர் திராட்சைத் தட்டைப் பார்த்தபடியே, "அவ்வளவுதான் டாக்டர்" என்றார்.

என் இடது மணிக்கட்டைப் பாருங்கள். ஒருநாள் போதையில் முறுக்கி ஒடித்தார். கோணலாகவே கூடிவிட்டது. கிரீம் பையை இந்தக் கையால் பிழிய முடியாது. அந்தக் கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபமே கிடையாது. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். அடி போகாது, அவ்வளவுதான். மகளை நினைத்துத்தான் செய்தேன்.

புத்தி தடுமாறாமல் இருக்க அவருக்கு ஒரு மருந்து கொடுத்தீர்களே, பாகு மாதிரி, திகட்டத் திகட்ட இனிப்பாக. அதில் ரம்மைக் கலந்தேன். முதல் வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, மருந்து ஒரு மாதிரி இருக்கு?"

"கம்பெனி மாத்திட்டாங்க. குடிங்க."

குடித்தார். பிறகு கேட்கவே இல்லை. ஒவ்வொரு வேளையும் கலந்து, டம்ளரை நானே நீட்டுவேன். பாவம் செய்கிறோம் என்று தெரியும். தெரிந்தே நீட்டினேன். பரிசோதனை நாள்வரை நிறுத்தவில்லை.

முடிவு வந்ததும் பெரிய டாக்டர் கூப்பிட்டு விசாரித்தார். "எங்கப்பா தொட்டிருக்கவே மாட்டாரு, டாக்டர்" என்று மகள் எழுந்து சண்டைக்கே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அவளைக் கையமர்த்தி, "குடிச்சேன் டாக்டர்" என்றார். மகள் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். அத்தனை நாள் அவருக்கு இல்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் டாக்சியில் திரும்பினோம். "முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாத சரக்கா?" என்றார். "பாப்பா வயித்தக் கிழிக்க வேணாம்னுதானே பண்ண? நல்லதுதான். நானே வேணாம்னு சொல்லியிருக்கணும். உயிர் ஆசை, சொல்ல வாய் வரல." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றேன்.

அந்த நிம்மதியோடு செத்துப்போனார். மகள் கடைசிவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். நான் சொல்லவில்லை. மனசு அறுக்கிறது, இருந்தும் இன்றுவரை சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மருந்தில் கை வைப்பதற்கு முன்பே வெளியூரில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள். "சின்னப் பொண்ண எதுக்கு அண்ணி வெட்டணும்? எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்தம். இங்கேயே டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன், தரலாம்னுட்டாங்க. நான் வர்றேன்" என்றாள். "மகதான்னு முடிவாயிடுச்சு, நீ அலையாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் போன் செய்ததை வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அடுப்பில் கேக் இருந்தது. போய்ப் பார்த்தேன்.

நேற்று நீங்கள் துக்கம் விசாரிக்க வந்தீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னீர்கள், தெரிகிறது. பரிசோதனையன்று தனியறையில் நீங்கள் அதே கேள்வியை, குடியால் யாருக்குப் பாதிப்பு என்று கேட்டபோது, "என் வீட்டுக்காரிக்குத்தான். அவ கையை ஒடிச்சவன் நான். அவ முகத்தப் பார்த்து இதைச் சொல்ல முடியல" என்று அவர் அழுதாராம்.

நீங்கள் அதைச் சொல்லாமல் போயிருந்தால், மகளுக்காகத்தான் செய்தேன் என்று நான் சாகும்வரை நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.