சுவக்கீன் பத்மினியும் என் அம்பாசடரும்

சுவக்கீனைக் கடைசியா உயிரோட பாத்தப்ப, அவன் என் அம்பாசடர் பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, "ஏ பெரியமுத்து, இது எஞ்சினா, இல்ல ஏலக்கா காய வைக்கிற ஸ்டோரா, இம்புட்டுப் பொகையுது"ன்னு கேட்டான். மறுநாள் ஆளு இல்ல. பதில் சொல்லக்கூட விடல பாருங்க தம்பி. அதான் அவன் புத்தி.

நீங்க வாங்க வந்த பத்மினி காரு இதுதான், நானும் அவனும் ஒரே ஷெட்டுலதான் வண்டி போடுவோம். அவன் சம்சாரம் மதலேனம்மா, வித்துக் குடுங்கண்ணேன்னு சாவிய எங்கிட்டக் குடுத்துருக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன். மழை பேஞ்சா இது காரு இல்ல, தொட்டி. உடும்பஞ்சோலை ஏத்தத்துல நாலு வளைவுக்கு ஒருக்க ரேடியேட்டருக்குத் தண்ணி கேக்கும். சுவக்கீன் ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்ன கிரீஸ் அடிப்பான், பிளக்கத் தொடைப்பான், வால்வு சத்தத்துக்குக் காத வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னாக்கூட அப்பிடி உக்காந்ததில்ல.

என் வண்டி அந்தா நிக்கிது. முப்பது வருசமா வர்க்ஷாப்பு வாசல மிதிச்சதில்ல. மைலேஜா... போடிமெட்டுல எஞ்சின அமத்துனா போடி வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல. ஏறுறதா? ஏறுறத எவன் சேக்குறான்.

சாவியப் போடுங்க. கிளம்பல பாத்தீங்களா. சொன்னேன்ல.

என்னது... அம்பாசடர் வேணுமா? இருங்க தம்பி, இருங்க, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு பிரேக்க மூணு தடவ மிதிக்கணும். பின் சீட்டுல உக்காந்தா ரோடு தெரியும், கண்ணாடி வழியா இல்ல, காலுக்கடியில.

இதக் கேளுங்க. சுவக்கீன் சவப்பெட்டிய என் வண்டி கேரியர்லதான் கட்டுனோம். நான்தான் அடம்புடிச்சேன். கல்லறைக்கு மூணு வளைவு இருக்கைல நின்னுருச்சு. சாமியாரு செபத்த நிப்பாட்டிட்டு டயருக்குக் கல்லு வச்சாரு. அப்பறம் அவன் மருமகன் ஜின்சன் பத்மினிய எடுத்தாந்து, கயிறு கட்டி இழுத்தான். முன்னால சுவக்கீன் வண்டி, பின்னால என் வண்டி, மேல அவன். அழுதுக்கிட்டு வந்தவளுக எல்லாம் முந்தானைய வாயில வச்சு சிரிப்ப அடக்குனாளுக.

ஆமா, இழுத்துச்சுதான். பெட்டி, வண்டி, நானு, எல்லாத்தையும் சேத்து. தண்ணி கேக்கல. இப்ப ஏன் கிளம்பலன்னா... அப்பிடிப் பாக்காதீங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல ரோட்டரு இல்ல, அது இல்லாம எந்த வண்டியும் கிளம்பாது. கழட்டுனது நான்தான். இந்தா, சட்டப் பையில கெடக்கு. முன்ன வந்த ரெண்டு பேரயும் இப்பிடித்தான் அனுப்புனேன். இது போயிட்டா நான் எதத் திட்டுறது?

கைய நீட்டுறீங்க. மாட்டத் தெரியுமா... தெரியுது.

ஒரே சாவிக்கு எடுத்துருச்சு.

மதலேனம்மா வீடு சர்ச்சுக்குக் கீழ. அங்க பேசிக்கங்க. செகண்டு கியர்லயே போங்க, அவன் அப்பிடித்தான்... தம்பி... கேக்குதா...

போயாச்சு.

இனி ஷெட்டுல அம்பாசடர் ஒண்ணுதான். அது ஓடாது.