ஞாயித்துக்கெழம ஊர்வலம்

ஜீப்பு மேலல்லாம் ஏறமாட்டா மாமா எம்பொண்ணு சுபா. நீங்க பூ சுத்துங்க, மேளம் வையிங்க, ஏறமாட்டா. ஒக்காருங்க மொதல்ல. கொரல கொஞ்சம் தணிச்சிக்கங்க, எங்க வூட்டுக்காரரு, அதான் உங்க தம்பி, உள்ள படுத்துக்கினு கீறாரு. ஒரகடம் கம்பெனில நைட் ஷிப்டு, காலைலதான் வந்தாரு. தம்பின்னு சொன்னா உங்களுக்கே புதுசா இருக்கும். பங்காளி வூட்டு வாசப்படிய மிதிச்சி எத்தினி வருசம் ஆச்சி. பிரசிடெண்டா வந்தீங்களா, மாமாவா வந்தீங்களா, அதச் சொல்டுங்க. அதுக்கேத்த மாரி பேசறேன்.

சரி, பிரசிடெண்டாவே இருங்க.

தேதிய எங்கள கேட்டா வெச்சீங்க? ஞாயித்துக்கெழம உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோயில் வரைக்கும் ஊர்வலம், மாவட்டத்துலேர்ந்து பெரிய ஆளுங்க வராங்க, மேடைல பொன்னாட, எல்லாம் நீங்களே முடிவு பண்ணிட்டு இப்ப வந்து பொண்ணு எந்த ரயில்ல வருது, எத்தினி மணிக்கு வருதுன்னு கேக்கறீங்க. பெரியவங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன்னா அது உங்க பாடு. எலெக்சன் வருதுன்னு எனக்குந்தான் தெரியும். ரேஷன் கடை கியூவுல நிக்கறவளுக்கு அது கூடவா தெரியாது.

ஊருக்குப் பெருமைதான். நான் இல்லன்னு சொல்லல. இந்தியா வாலிபால் டீம்ல நம்ம ஊரு பொண்ணு, வியட்நாம் வரைக்கும் போயி, மூணாவது எடம் ஜெயிச்சி மெடலோட வந்திச்சின்னா பெருமைதான். ஆனா அந்தப் பெருமை உங்களுக்கு எந்த தேதிலேர்ந்து வந்திச்சின்னு நான் பாத்துக்கினுதான இருந்தேன்.

கசகஸ்தான்காரிங்ககிட்ட தோத்தாங்களே, அன்னிக்கி ராத்திரி ஊரு குரூப்புல வாய்ஸ் போட்டது யாரு? கடைசி பந்து சுபா கையில பட்டுத்தான் வெளிய போச்சி, வாஸ்தவம். அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க? தரையில வுழுந்து பொரள்றதுக்கு வியட்நாம் எதுக்கு, இங்கியே சேத்துல எறங்கி நாத்து நட்டிருக்கலாம்னு. சிரிப்பு வேற. பின்னால இன்னும் ரெண்டு மூணு பேரு சிரிக்கறதும் கேட்டுது. மெடல் வந்த ஒடனே அழிச்சிட்டீங்க. அந்த குரூப்புல அவ நம்பரும் கீது மாமா. அது உங்களுக்கு ஞாபகம் இல்ல. மறுநா ஆட்டத்துக்கு எறங்கறதுக்கு முன்னால அவ அந்த வாய்ஸ கேட்டுட்டுத்தான் எறங்கினா.

தமாஷா. சரி, தமாஷாவே இருக்கட்டும்.

ஸ்கூலுக்குப் பின்னால கெரவுண்டுல வலை கட்டின கம்பத்த புடுங்கிப் போட்டீங்களே, அதுவும் தமாஷா? பத்து பன்னண்டு பொண்ணுங்க சாயங்காலத்துல ஆடிக்கினு இருந்திச்சிங்க. அம்மன் கோயிலுக்கு எதிர்ல வயசுப் பொண்ணுங்க டிராயர் போட்டுக்கினு குதிக்கறாளுங்க, அதான் மழ பேயலன்னு கூட்டத்துல பேசினீங்க. அந்த வருசம் ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சிது, அதுக்கப்புறமாவது கம்பத்த நட வேணாம்? உங்க நெல்லு அறுக்கற மிஷின கொண்டாந்து நிறுத்தினீங்க. தோ, இன்னிக்கும் அங்கதான் நிக்குது.

மத்த பொண்ணுங்கள அவங்கவங்க வூட்டுல நிறுத்திட்டாங்க. தப்பு சொல்ல முடியாது, பிரசிடெண்டு பேசினா பயப்படத்தான் செய்வாங்க. சுபா மட்டும் நம்ம நெலத்துல மோட்டார் கொட்டா செவுத்துல பந்த அடிச்சிக்கினு கெடந்தா. செவுரு தூக்கிக் குடுக்குமா, வலைக்கு அந்தாண்ட நிக்குமா? அடிச்ச வேகத்துக்குத் திருப்பி வுடும், அவ்ளோதான். அது கீழ வுழறதுக்குள்ள பாஞ்சி எடுக்கணும். முட்டி முழுக்கக் காயம். அப்படியே அவ பந்து எடுக்கறவளாவே ஆயிட்டா. காஞ்சிபுரத்துல டீம் எடுக்க வந்த மேடம் அத்த பாத்துத்தான் இவள எடுத்தாங்க. அதனால மேடைல அதையும் சொல்லிக்கங்க, நான் கம்பத்த புடுங்கலன்னா இந்த மெடல் ஏதுன்னு. கைத்தட்டுவாங்க.

கோவம் இல்ல மாமா. கோவம்னா அன்னிக்கே வந்து கத்தியிருப்பேன். டீ எடுத்துக்கங்க, சக்கர கம்மிதான்.

ஒரு பாயிண்ட்டு கூட எடுக்கலன்னு யாரு சொன்னா உங்களுக்கு? நீங்களே பாத்தீங்களா. பாத்தவரு இன்னும் கொஞ்சம் நல்லா பாத்திருக்கலாம். வலைக்கு மேல எகிறி அடிக்கறது அவ வேல இல்ல. அடிக்கவும் கூடாது, அடிச்சா தப்பு ஆட்டம். பின்னால நின்னு எதிராளி அடிக்கறத தரையில வுடாம எடுத்துக் குடுக்கணும். லிபரோன்னு பேரு. மத்தவங்கள மாரி ரெஃப்ரிகிட்ட கேட்டுக்கினு நிக்காம ஆட்டத்துக்கு நடுவுல உள்ள போவா, வெளிய வருவா. அதனால ஆளு தனியாத் தெரியணும். டீம் மொத்தமும் நீலச் சட்டை போட்டா இவ மட்டும் ஆரஞ்சு. அது ரூலு.

அப்பறம் இன்னாத்துக்கு பேனர்ல அவளுக்கு நீலச் சட்டை மாட்டி வுட்டீங்க?

ஏரிக்கர ரோட்டுல கட்டிக் கீறீங்களே, அந்த பேனர்தான். நீங்க ஆள் உசரத்துக்குக் கும்பிட்டுக்கினு நிக்கறீங்க, அவ உங்க தோளாண்ட சின்னதா. அது போவட்டும், காசு போட்டவரு படம் பெருசாத்தான் இருக்கும். சட்டை கலர ஏன் மாத்தணும்? ஒருத்தி மட்டும் வேற கலர்ல இருந்தா ஏதோ ஒதுக்கி வெச்ச மாரி அசிங்கமா கீது, நான்தான் கம்ப்யூட்டர்ல மாத்தச் சொன்னேன்னு பக்கத்துல நின்னவருகிட்ட பெருமையா சொன்னீங்களாமே. அந்தச் சட்டைக்கு நாட்டுல எத்தினி பொண்ணுங்க அடிச்சிக்குதுங்க தெரியுமா. ஒரு டீமுக்கு ஒருத்தியோ ரெண்டு பேரோதான். அத்த கழட்டிட்டு கும்பல்ல ஒருத்தியா நிறுத்திட்டீங்க.

கார்த்திக்கா? பிளெக்ஸ் கடைக்காரன் என்கிட்ட எதுக்கு வந்து சொல்றான். நான் அவன பாக்கவே இல்ல.

சுபா சொன்னா.

போன்ல இல்ல மாமா, நேர்லதான். முந்தாநாத்து வந்தா. டீம் கேம்ப்புல லீவு கேட்டு வாங்கிக்கினு உங்க ஊர்வலத்துக்குன்னுதான் வந்தா. நான்தான் பத்து வாட்டி போன் பண்ணி வரச் சொன்னேன். பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத, ஊரு கூப்புடுது, ஒரு மணி நேரம் ஜீப்புல நின்னுட்டு எறங்கிடுன்னு. அவளும் சரி, அம்மாவுக்காவன்னு வந்தா.

செங்கல்பட்டு பஸ்ல வந்து ஏரிக்கர ஸ்டாப்பிங்ல எறங்கியிருக்கா. நல்ல வெளிச்சம், மணி நாலு கூட ஆவல. நீங்க ஆள வெச்சி பேனர் கட்டிக்கினு இருந்தீங்க. பைய கீழ வெச்சிட்டு, அவ படத்த அவளே அண்ணாந்து பாத்துக்கினு நின்னாளாம். ஏம்மா, இங்க இன்னா வேடிக்கை, கயிறு கட்றது தெரில, தள்ளிப் போன்னு சொன்னீங்களாம். மூஞ்ச நேரா பாத்துத்தான் சொன்னீங்களாம். டீம் பனியன்தான் போட்டிருந்தா. முதுகுல இந்தியான்னு எழுதி கீது, அவ திரும்பி நடக்கறப்ப அதையாவது படிச்சிருப்பீங்க.

வந்து சிரிச்சிக்கினுதான் சொன்னா. கொழம்பு ஊத்தி சாப்ட்டா. நேத்து பூரா தூங்கினா. பனியன தொவச்சி கொடில போட்டா. இன்னிக்கி காலைல மொத பஸ்ல கேம்ப்புக்குக் கெளம்பிட்டா.

இல்ல, நான் தடுக்கல. பைய நான்தான் பஸ்ஸு வரைக்கும் தூக்கிக்கினு போனேன்.